செடிக் கழலைப் பூச்சிகள் பெருகுவதும் அருகுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் புக்கிட் தீமா, மெக்ரிட்சி காட்டுப் பாதைகளிலும் குடியிருப்புகளை ஒட்டிய பூங்கா இணைப்புப் பாதைகளிலும் நடப்பவர்கள் இலைகளில் தென்படும் புடைப்புகளைப் படமெடுத்துக் காட்டிப் பல கேள்விகள் கேட்பதுண்டு. அவற்றுள் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன: இந்தப் பூச்சிகள் ஒரு செடியில் ஏன் இவ்வளவு மிகுதியாகவும் பக்கத்துச் செடியில் ஏன் இவ்வளவு அரிதாகவும் உள்ளன? அதற்கான விடைகளைக் கீழே தருகிறோம்.

கழலை என்றால் என்ன? அது செடிக்கு வந்த நோயா?

பூச்சி ஒன்று செடியின் இளந்திசுவில் முட்டையிடும்போதோ, முட்டையிலிருந்து வந்த புழு அங்கே உண்ணத் தொடங்கும்போதோ, அவ்விடத்துச் செல்கள் வழக்கத்துக்கு மாறாகப் பெருத்தும் பெருகியும் ஒரு புடைப்பை எழுப்புகின்றன. அதுவே கழலை. சதை செடியுடையது, வடிவத்தைத் தீர்மானிப்பது பூச்சி. அதனால்தான் ஒரே மரத்து இலையில் ஒரு பூச்சி உருண்டையான கழலையையும் இன்னொரு பூச்சி கூம்பு வடிவக் கழலையையும் உண்டாக்க முடிகிறது. சிறு குளவிகள், கொசுவைப் போன்ற சிற்றீக்கள், இலைப்பேன்கள், அசுவினிகள், தாவும் செடிப்பேன்கள் எனப் பல குடும்பங்களில் இந்த வாழ்க்கைமுறை தனித்தனியே தோன்றியிருக்கிறது. ஏறத்தாழ 13,000 இனங்களுக்கு இதுவரை அறிவியல் பெயர் இடப்பட்டுள்ளது; உலகில் உண்மையில் இருப்பவை 130,000 அளவில் இருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு. புங்க இலையில் காணும் சிறு கொப்புளங்கள் பூச்சியால் வருபவை அல்ல, கண்ணுக்குத் தெரியாத நுண்சிலந்திகளால் வருபவை. அவற்றை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

தமிழ்க் குடும்பங்களுக்குக் கழலை புதிய பொருள் அன்று. தேக்காக் கடைகளில் வாங்கி, உரைத்துக் குழந்தையின் நாக்கில் தடவும் மாசிக்காய், ஓக் மரத்தில் ஒரு சிறு குளவி உண்டாக்கும் கழலையே. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடுக்காய்ப்பூவும் பூ அன்று. கடுக்காய் மரத்தில் பூச்சி எழுப்பிய கழலைதான்.

ஒரே வகை மரங்கள் இரண்டு அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்றில் மட்டும் ஏன் இலைக்கு இலை புடைப்பு?

முதலில் கேட்க வேண்டியது, அந்த மரம் எப்போது துளிர்த்தது என்பதைத்தான். கழலை உண்டாக்கும் பூச்சிக்கு, இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் திசு வேண்டும். விரிந்து முற்றிய இலையின் செல்களை அதனால் வேறு வழிக்குத் திருப்ப முடியாது. ஆகவே மொட்டு அவிழ்ந்து இலை தடிப்பதற்கு இடைப்பட்ட சில நாள்களே அதற்குக் கிடைக்கும் வாய்ப்பு. முதிர்ந்த பூச்சியின் வாழ்நாளும் பெரும்பாலும் சில நாள்கள்தான். இவ்விரண்டும் ஒத்துவந்த மரத்தில் கழலை குவிகிறது. இரண்டு வாரம் முந்தியோ பிந்தியோ துளிர்த்த மரம், எந்த எதிர்ப்புச் சக்தியும் இல்லாமலேயே தப்பிவிடுகிறது.

துளிர்க்கும் காலம் ஒத்திருந்தாலும் மரத்துக்கு மரம் வேறுபாடு இருக்கும். ஒரே இனத்திலும் ஒவ்வொரு மரத்தின் மரபணு அமைப்பு வேறு. இலையில் உள்ள துவர்ப்புப் பொருள்களின் அளவும் இலைத் தடிப்பும் தளிரின் நீளமும் வேறு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் வெபர் ஆற்றங்கரையில் உள்ள பாப்லர் மரங்களை ஆராய்ந்த தாமஸ் விதம் என்ற அறிஞர், அசுவினிக் கழலைகள் சில மரங்களில் மட்டும் ஆண்டுதோறும் குவிவதையும், இரண்டு இனங்கள் கலந்து பிறந்த கலப்பின மரங்களில் அவை மிகுதியாக இருப்பதையும் காட்டினார். அந்த அசுவினித் தாய்கள் மிகப் பெரிய இலையையே நாடும். அந்த இலையிலும் காம்பை ஒட்டிய அடிப்பகுதியைப் பிடிக்க ஒன்றையொன்று மணிக்கணக்கில் தள்ளி உதைத்துச் சண்டையிடும். அந்தச் சில மில்லிமீட்டர் இடத்தைப் பிடித்த தாய் அதிகக் குஞ்சுகளை ஈனுகிறது. நுனிக்குத் தள்ளப்பட்டது குறைவாக ஈனுகிறது. கழலைகளின் எண்ணிக்கையை ஆளும் காரணங்கள் ஒரு மரம், ஒரு கிளை, ஒரு இலை, அந்த இலைக்குள் ஓரிடம் என்று எந்த அளவுக்கு நுணுகிச் செல்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல சான்று நமக்குத் தெரியவில்லை.

மூன்றாவது காரணம் எளியது. பிறந்த மரத்திலேயே அடுத்த தலைமுறையும் முட்டையிடுவது இவற்றில் பலவற்றின் இயல்பு. ஒன்றரை மில்லிமீட்டர் நீளமுள்ள குளவி, காற்று கொண்டுபோனாலன்றி வெகுதூரம் செல்வதில்லை. எனவே நேற்று கழலை நிறைந்திருந்த மரத்தில் இன்றும் நிறைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

நலிந்த செடியைத்தானே பூச்சி பிடிக்கும்?

இப்படித்தான் பலரும் எண்ணுகிறார்கள். அந்த எண்ணத்துக்கு அறிவியலிலும் ஓர் இடம் உண்டு. வறட்சியால் வாடிய செடியின் திசுக்களில் நைட்ரசன் சத்து எளிதில் கிடைக்கும் வடிவத்துக்கு மாறுவதால் பூச்சிகள் பெருகும் என்ற கருதுகோளை ஆஸ்திரேலியாவில் டி.சி.ஆர். ஒயிட் 1969இல் முன்வைத்தார். அதற்கு எதிர்த்திசையில், செழித்து வேகமாக வளரும் தளிர்களையே சில பூச்சிகள் நாடும் என்ற கருதுகோளை பீட்டர் பிரைஸ் 1991இல் வெளியிட்டார். அவர் அரிசோனாவில் வில்லோ புதர்களின் தண்டில் கழலை உண்டாக்கும் ரம்பக் குளவியைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தவர். தாய்ப்பூச்சி நீளமான தளிர்களில் முட்டையிட்டது. அங்கேதான் புழுக்களும் நன்றாகப் பிழைத்தன. குளிர்காலத்தில் மழையும் பனியும் போதிய அளவு பெய்த பிறகு புதர்கள் நீண்ட தளிர்களை விட்டன, அதைத் தொடர்ந்து பூச்சிகளும் பெருகின. வறண்ட ஆண்டுகளுக்குப் பிறகு இரண்டும் சுருங்கின.

கழலைப் பூச்சிகளைப் பொறுத்தவரை பிரைஸின் பக்கமே வலுவானது என்று நாங்கள் கருதுகிறோம். இலையைக் கடித்துத் தின்னும் புழு வாடிய இலையோடும் காலம் தள்ளலாம். கழலைப் பூச்சியோ செடியின் வளர்ச்சியையே தன் வீடாக மாற்றிக்கொள்வதால், வளர்ச்சி நின்ற செடியில் அதற்கு வேலை இல்லை. எல்லா இனங்களும் இதற்குள் அடங்கிவிடுவதில்லை என்பதும் உண்மை. சில நடுத்தரத் தளிர்களையே விரும்புகின்றன.

நம் ஊரில் இதைக் காண வேலிச்செடிகளாக வளர்க்கும் சிற்றிலை அத்தியைப் பார்க்கலாம். அடிக்கடி கத்தரிக்கப்படும் அந்தச் செடி ஓயாமல் தளிர் விட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தத் தளிர்களில் இலைப்பேன்கள் குடியேறி, இலையை நடுநரம்பின் வழியே இரண்டாக மடித்துவிடுகின்றன. மடிந்த இலையை மெல்லப் பிரித்தால் உட்புறத்தில் செம்பழுப்புப் புள்ளிகளும், கறுத்த மெல்லிய பெரிய பேன்களும், வெளிர்மஞ்சள் குஞ்சுகளும், பொடிப்பொடியான முட்டைகளும் ஒன்றாக இருக்கும். அதே இனம் கத்தரிக்கப்படாமல் பெருமரமாக நிற்கும்போது ஒரே நேரத்தில் கிடைக்கும் இளந்தளிர் குறைவு.

செடி வாளாவிருக்குமா? அது எதிர்ப்பதில்லையா?

எதிர்க்கிறது. முட்டையையோ இளம்புழுவையோ உணர்ந்தவுடன் அதைச் சுற்றியுள்ள செல்களைத் தானே சாகடித்து, புழுவுக்கு உணவின்றிச் செய்துவிடும் செடிகள் பல. இலையில் கழலைக்குப் பதிலாக ஒரு சிறு பழுப்பு வட்டம் மட்டும் தங்கும். பிரேசிலில் மந்தாரை இனத்தைச் சேர்ந்த ஒரு புதர்ச்செடியை வில்சன் பெர்னாண்டஸ் ஆராய்ந்தபோது, அதைத் தாக்கிய சிற்றீயின் சாவுக்கு எதிரிப் பூச்சிகளை விட இந்தத் தற்காப்பே முதன்மைக் காரணமாக இருந்தது. எனவே கழலைகளை மட்டும் எண்ணுபவர், தொடங்கிய தாக்குதல்களில் வென்றவற்றையே எண்ணுகிறார். தோற்றவை அந்தப் பழுப்பு வட்டங்களில் உள்ளன.

தஞ்சைப் பக்கத்து உழவர்கள் ஆனைக்கொம்பன் என்று அழைக்கும் நெற்பயிர்ச் சிற்றீயும் ஒரு கழலைப் பூச்சிதான். நடுக்குருத்தை வெங்காயத்தாள் போன்ற குழலாக மாற்றிவிடும். அதை எதிர்க்கும் நெல் இரகங்கள் உருவாக்கப்பட்டன. அந்த எதிர்ப்பை வெல்லும் பூச்சி வகைகளும் பின்னர்த் தோன்றின. காட்டுச்செடிகளுக்கும் அவற்றின் பூச்சிகளுக்கும் இடையே இதே போட்டி மனிதர் கண்ணில் படாமல் நெடுங்காலமாக நடந்துவருகிறது.

கழலைக்குள் இருக்கும் புழு பாதுகாப்பாகத்தானே இருக்கிறது?

வெயிலிலிருந்தும் வறட்சியிலிருந்தும் பாதுகாப்புதான். எதிரிகளிடமிருந்து அந்த அளவுக்கு இல்லை. ஓரிடத்தில் அசையாமல் இருப்பதால், தேடிவரும் ஒட்டுண்ணிக் குளவிகளுக்கு அது எளிதில் அகப்படுகிறது. அக்குளவிகள் நீண்ட முட்டையிடும் ஊசியைக் கழலைச் சுவரின் வழியே செலுத்தி உள்ளிருக்கும் புழுவின் மேல் முட்டையிடுகின்றன.

வட அமெரிக்காவில் கோல்டன்ராடு என்னும் மஞ்சள்பூச் செடியின் தண்டில் உருண்டைக் கழலை உண்டாக்கும் ஈயை வாரன் ஆபிரகாம்சனும் ஆர்தர் வைசும் நெடுங்காலம் ஆராய்ந்தார்கள். கழலை சிறிதாக இருந்தால் ஒட்டுண்ணிக் குளவியின் ஊசி நடுவறையை எட்டிவிடுகிறது. பெரிதாக இருந்தால் எட்டாது. ஆனால் குளிர்காலத்தில் இரை தேடும் மரங்கொத்திகள் பெரிய கழலைகளையே தேர்ந்து கொத்துகின்றன. ஆகவே நடுத்தர அளவே பிழைக்க ஏற்றது. எந்த எதிரி அதிகமாக இருக்கிறது என்பதைப் பொறுத்து, பிழைக்கும் அளவு இடத்துக்கு இடம் சற்று மாறுகிறது.

சில கழலைகள் இனிப்பு நீரைச் சுரந்து எறும்புகளை வரவழைக்கின்றன. எறும்புகளின் நடமாட்டம் ஒட்டுண்ணிகளை விலக்குகிறது. அப்படிப்பட்ட இனம் ஓரிடத்தில் பெருகுவதற்கு அங்குள்ள எறும்புகளும் காரணமாகிவிடுகின்றன. இவற்றோடு பூஞ்சையும் ஓர் எதிரி. ஈரமான காடுகளில் அதன் பங்கைக் குறைவாக மதிப்பிடக் கூடாது.

வெப்பமண்டலக் காட்டில் எல்லா உயிர்களும் மிகுதி. கழலைப் பூச்சிகளும் இங்கேதான் மிகுதியா?

பலர் எதிர்பார்க்கும் விடைக்கு மாறானது இது. பிரைஸும் பெர்னாண்டசும் வேறு பலரும் சேர்ந்து உலகின் பல இடங்களில் திரட்டிய கணக்கை 1998இல் வெளியிட்டபோது, ஓரிடத்தில் காணப்படும் கழலைப் பூச்சி இனங்களின் எண்ணிக்கை நிலநடுக்கோட்டை ஒட்டி உச்சத்தைத் தொடவில்லை. ஏறத்தாழ 25 முதல் 38 பாகை வரையிலான அட்சரேகைகளில், வெப்பமும் வறட்சியும் உள்ள, தடித்த தோலிலைப் புதர்கள் நிறைந்த நிலங்களிலேயே அது உச்சத்தில் இருந்தது. அவர்கள் தந்த விளக்கம் இது: வறண்ட, சத்துக் குறைந்த மண்ணில் வளரும் செடிகளின் இலைகள் தடித்தும் நெடுநாள் உதிராமலும் இருப்பதால் கழலை முற்றுவதற்குக் காலம் கிடைக்கிறது, காற்றில் ஈரம் குறைவாக இருப்பதால் பூஞ்சை குறைகிறது, ஒட்டுண்ணிகளும் அங்கே குறைவு.

இந்த முடிவை அப்படியே சிங்கப்பூருக்குப் பொருத்திவிடக் கூடாது என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, நாம் காட்டைக் கீழிருந்து பார்க்கிறோம். பனாமாவின் மழைக்காட்டில் பாரந்தூக்கியின் உதவியால் மர உச்சிகளை ஆராய்ந்தவர்கள், நிழலடர்ந்த அடித்தளத்தை விட உச்சி இலைகளில் கழலைகள் மிகுதியாக இருப்பதைக் கண்டார்கள். மழைக்காட்டின் உச்சி, ஈரக்காட்டின் மேல் விரிந்த ஒரு வறண்ட நிலம் போன்றது: நேர்வெயில், காற்று, தடித்த இலை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் நம் தீவிலும் பெருமரங்களின் உச்சி அப்படித்தான் இருக்கிறது. மெக்ரிட்சியில் உள்ள மர உச்சித் தொங்குபாலத்தில் நடக்கும்போது, கீழே காணக் கிடைக்காத இலைகள் கண்மட்டத்துக்கு வருகின்றன. அங்கே காட்சியைப் பார்த்துக் கடந்துவிடாமல் இலைகளையும் பாருங்கள்.

இரண்டாவது, அலையாத்திக் காடுகள். காற்றில் ஈரம் நிறைந்திருந்தாலும் உப்புநீரில் நிற்கும் செடிக்கு நல்ல நீர் அரிது. இலைகள் தடித்துத் தோல்போல் இருக்கும். வெண்கண்டல் இனங்களின் இலைகளில் சிற்றீக்கள் உண்டாக்கும் கழலைகள் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்க வெப்பமண்டலக் கரைகளிலும் பதிவாகியுள்ளன. மலாய் மொழியில் அப்பி-அப்பி எனப்படும் அந்தக் குடும்பத்து மரங்கள் சுங்கை பூலோவிலும் உள்ளன.

நம் வட்டாரத்தில் இத்துறைக்கு அடித்தளம் இட்டவர்களையும் இங்கே நினைவுகூர வேண்டும். சாவகத் தீவின் போகோர் தாவரவியல் தோட்டத்துக்குத் தலைமை வகித்த டாக்டர்ஸ் வான் லூவனும் அவருடைய மனைவியும் இந்தோனேசியத் தீவுகளின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கழலைகளைப் படத்துடன் பதிவு செய்தார்கள். சென்னை லயோலா கல்லூரியில் பணியாற்றிய டி.என். அனந்தகிருஷ்ணன், இலைப்பேன்கள் உண்டாக்கும் கழலைகளை உலகம் அறியச் செய்தவர்.

இனங்கள் பல இருப்பதும் கழலைகள் பல இருப்பதும் ஒன்றா?

இல்லை. ஒரு காட்டில் ஐம்பது இனங்கள் தலைக்குப் பத்துக் கழலைகளோடு இருக்கலாம். ஒரு சாலையோரத்தில் ஒரே இனம் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். முந்தைய விடையில் சொன்ன உலகக் கணக்கு இனங்களைப் பற்றியது. ஒரு மரத்தில் ஏன் இவ்வளவு என்ற கேள்விக்கு அது விடையாகாது.

கல்யாண முருங்கை இலைகள் சுருண்டு தடித்துப் போவது ஏன்?

கல்யாண முருங்கையையும் அதன் இனத்து மரங்களையும் தாக்கும் ஒரு குளவி இதற்குக் காரணம். இந்தக் குளவிக்கும் சிங்கப்பூருக்கும் நேரடித் தொடர்பு உண்டு: சிங்கப்பூர், மொரீசியஸ், ரீயூனியன் ஆகிய இடங்களில் கிடைத்த பூச்சிகளைக் கொண்டே 2004இல் இது புதிய இனம் என்று விவரிக்கப்பட்டது. இதன் தாயகம் கிழக்கு ஆப்பிரிக்கா என்று கருதப்படுகிறது. இளந்தளிரிலும் இலைக்காம்பிலும் முட்டையிடும். ஏறத்தாழ மூன்று வாரத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடும்.

2005 ஏப்ரலில் ஹவாயில் காணப்பட்ட இது, சில மாதங்களிலேயே அங்குள்ள தீவுகளுக்குப் பரவி, வேறெங்கும் இல்லாத விலிவிலி என்ற கல்யாண முருங்கை இன மரத்தைப் பெரும் அழிவுக்கு உள்ளாக்கியது. தென்னிந்தியாவிலும் மிளகுக்கொடி படரவிட்ட கல்யாண முருங்கைகள் தாக்கப்பட்டன. இத்தனை பெருக்கத்துக்குக் காரணம், வந்த இடத்தில் அதன் எதிரி இல்லாததுதான். தான்சானியாவில் கண்டெடுக்கப்பட்ட ஓர் ஒட்டுண்ணிக் குளவியை 2008இல் ஹவாயில் விட்ட பிறகு இலைகளில் தாக்குதல் வெகுவாகக் குறைந்து, விலிவிலி மரங்கள் மீண்டும் தழைத்தன. பூக்களிலும் காய்களிலும் சேதம் முழுமையாக நீங்கவில்லை. சீனாவிலிருந்து சப்பானுக்குப் பரவி, பின்னர் 2002இல் இத்தாலியிலும் தென்பட்ட செஸ்ட்நட் கழலைக் குளவியின் கதையும் இதுவே. உள்ளூர் ஒட்டுண்ணிகள் அதைத் தாக்கத் தொடங்கினாலும் அது போதவில்லை. தாயகத்து ஒட்டுண்ணியைக் கொண்டுவந்த பிறகே அடங்கியது.

அப்படியானால் கழலைப் பூச்சிகளைக் களைகளுக்கு எதிராகப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தியிருக்கிறார்கள். தென்கிழக்காசியத் தரிசுகளை மூடிய குரோமோலேனா என்னும் சயாம் களைச்செடிக்கு எதிராக, கொலம்பியாவிலிருந்து வந்த ஒரு தண்டுக் கழலை ஈ 1995இல் இந்தோனேசியாவில் விடப்பட்டது. பின்னர் பாப்புவா நியூ கினியிலும் இந்தியாவிலும் விடப்பட்டது. கழலைப் பூச்சி பெரும்பாலும் ஒரே செடி இனத்தையோ அதன் நெருங்கிய உறவுகளையோ மட்டும் நாடுவதால், பிற செடிகளுக்கு ஆபத்து குறைவு. ஆயினும் ஆண்டுக்கணக்கில் சோதித்த பிறகே இதைச் செய்ய வேண்டும்.

ஒரு பூச்சிக்கு இரண்டு வகைச் செடிகள் தேவைப்படுவதுண்டா?

உண்டு. பிரிட்டனில் ஓக் காய்களில் கழலை உண்டாக்கும் ஒரு குளவி, ஒரு தலைமுறையை உள்நாட்டு ஓக் மரத்திலும் அடுத்ததைத் துருக்கி ஓக் மரத்திலும் கழிக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் துருக்கி ஓக் அங்கே நடப்பட்டிராவிட்டால், 20ஆம் நூற்றாண்டில் அந்தக் குளவி அங்கே நிலைகொண்டிருக்க முடியாது.

நானே எண்ணிப் பார்க்க விரும்புகிறேன். எப்படித் தொடங்குவது?

ஒரு செடி இனத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். கழலை கண்ணில் பட்ட கிளையை மட்டும் எண்ணாதீர்கள். ஒவ்வொரு செடியிலும் முன்பே முடிவு செய்த எண்ணிக்கையில் தளிர்களைப் பார்த்து, ஒன்றும் இல்லாத தளிரையும் சுழியம் என்று குறியுங்கள். கழலைகள் பெரும்பாலும் கூட்டமாகவே இருக்கும். பெரும்பாலான தளிர்கள் வெறுமையாகவும் சில தளிர்கள் நிறைந்தும் இருக்கும். சுழியங்களை விட்டுவிட்டால் கணக்கு பொய்யாகிவிடும். தளிரின் நீளம், இலை இளசா முற்றலா, வெயிலா நிழலா என்பவற்றையும் உடன் எழுதுங்கள். சனவரி இறுதி முதல் மார்ச் வரை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வறண்ட நாள்கள் வரும்போதும், அதைத் தொடர்ந்து மழை திரும்பும்போதும் மரங்கள் துளிர்ப்பதைக் கவனித்து, அதற்கு முன்னும் பின்னும் எண்ணினால் ஒப்பிடுவதற்கு வசதி.

கழலையின் சிறப்பு, உள்ளே நடந்தது வெளியே பதிவாவதுதான். ஒரே அளவில் சீராக அமைந்த துளை, பூச்சி முதிர்ந்து வெளியேறியதைக் காட்டும். அதைவிடச் சிறிய, நேர்த்தியான வட்டத் துளை பெரும்பாலும் ஒட்டுண்ணிக் குளவியுடையது. ஓரம் கிழிந்த பெரிய குழி பறவையின் வேலை. துளையே இல்லாமல் கறுத்துச் சுருங்கியிருந்தால் உள்ளே புழு பூஞ்சையாலோ செடியின் எதிர்ப்பாலோ இறந்திருக்கலாம். உதிர்ந்த இலையில் உள்ள கழலையைக் கூரிய கத்தியால் நடுவே வெட்டி, கைக்கண்ணாடியால் பாருங்கள்: அறையை நிறைத்துக்கொண்டு கொழுத்த ஒரே புழு இருந்தால் அது வீட்டுக்குரியது, உலர்ந்த தோலின் அருகே சிறிய வெண்புழு இருந்தால் அது விருந்தாளி, அதாவது ஒட்டுண்ணிக் குளவியின் புழு. இந்த அடையாளங்கள் இனத்துக்கு இனம் சற்று மாறும். ஆகவே ஓர் இனத்தைப் பழகிய பிறகே தீர்மானியுங்கள்.

இயற்கை வனப்பகுதிகளிலும் பூங்காக்களிலும் இலையைப் பறிப்பதற்குத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். அனுமதியின்றி எண்ணலாம், படமெடுக்கலாம், பறிக்கக் கூடாது.

வீட்டுத் தொட்டிச்செடியில் கழலை வந்தால் மருந்தடிக்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. புழு சுவருக்குள் இருப்பதால் மேலே தெளிக்கும் மருந்து அதை எட்டாது. வெளியே திரியும் ஒட்டுண்ணிக் குளவிகளையே கொல்லும், அதனால் அடுத்த தலைமுறையில் கழலை கூடவும் கூடும். தாக்கப்பட்ட தளிரைப் பூச்சி வெளியேறும் முன், அதாவது துளை தோன்றும் முன், வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். ஏற்கெனவே துளை விழுந்த கழலையை வெட்டுவதால் பயன் இல்லை. அதை அப்படியே விட்டுவிடலாம்.